மூச்சுக்காக மலை இறங்கிய பதினோரு நாள்

பங்குனி பிறந்துவிட்டால் ஊர் உலகமே ஏற்காட்டுக்கு ஏறும். அடிவாரத்திலிருந்து காரும் வேனும் பைக்குமாக எறும்புச் சாரை போல வந்துகொண்டே இருக்கும். நல்ல காற்று வாங்க வருகிறார்கள். இந்த வருஷம் அந்தச் சாரைக்கு எதிர்ப்பக்கமாக நாங்கள் இரண்டு பேர் இறங்கினோம். நாங்களும் காற்று வாங்கத்தான் போனோம்.

என்னோடு வந்தவள் கனி. ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் கனிஷ்கா. அந்த முழுப் பேர் என் வாயில் நுழையாது. என் தம்பி மகன் முருகேசனுடைய மகள். முருகேசன் என்னை அத்தை என்பான். அதைக் கேட்டுக் கேட்டு அவளும் அத்தை என்றே கூப்பிடுகிறாள். முறை தப்புதான், நான் திருத்தவில்லை. அத்தை என்று கூப்பிடும்போது எனக்கும் வயது கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கிறது.

அவளுக்கு இளைப்பு. ஆஸ்பத்திரியில் ஆஸ்துமா என்று எழுதுகிறார்கள். வருஷம் முழுக்க ஆட்டுக்குட்டி போலத் துள்ளுவாள். பங்குனி வந்தால் போதும், நெஞ்சு சீழ்க்கையடிக்கும், விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும், உதடு நாவல்பழம் தின்ற நிறத்துக்கு மாறும். மூன்று வருஷமாக மூன்று பங்குனியும் கீழே பெரிய ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வார்டில், மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு கிடந்தாள். நான்தான் கூட இருந்தேன். அவள் அப்பன் ஜீப் ஓட்டுகிறான், அம்மா செல்வி ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வேலை. இரண்டு பேருக்கும் பங்குனிதான் சீசன். ஒரு நாள் லீவு கேட்டால் மறுநாள் வேறு ஆள் நிற்கும்.

போன வருஷம் வார்டில் ஒரு இளவயது டாக்டரம்மா. உங்கள் பக்கம் ஏதாவது எரிப்பார்களா, புகை உண்டா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க, எங்க மலைக்காத்த வாங்கத்தான் எல்லாரும் வண்டி போட்டுட்டு வர்றீங்க. அதுல கொறை இருக்குமுங்களா? குளுருதானுங்க காரணம்" என்றேன். டாக்டரம்மா வாதாடவில்லை. அடுத்த பங்குனியில் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாகக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள், மழை விழுந்ததும் கூட்டிப் போங்கள் என்று மட்டும் சொன்னார். ஆரஞ்சு நிறப் பம்பு காலையும் மாலையும், நீல நிறப் பம்பு இளைக்கும்போது, இரண்டையும் பிளாஸ்டிக் குழாய் மாட்டித்தான் இழுக்க வேண்டும் என்று நர்சம்மா சொல்லிக்கொடுத்தார். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நிறம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிளம்புகிற நேரத்தில் காட்டு வேலை ஒன்று பாக்கி கிடந்தது. எங்கள் பக்கம் காடு என்றால் விளைகிற நிலம். மாசியில் உண்ணிச்செடியும் புதரும் வெட்டிக் காயப்போட்டு, பங்குனியில் தீ வைத்து, முதல் மழைக்குச் சாமை விதைப்போம். தீ எப்போதும் மேல்நோக்கித்தான் ஏறும். அதனால் சரிவில் மேல்காட்டுக்காரர் முதலில் எரித்து முடிக்க வேண்டும். மேலே கருகிக் கிடந்தால்தான் கீழே வைக்கிற தீ அங்கே வந்து நின்று போகும். இல்லாவிட்டால் தாவிக்கொண்டு சோலைக்குள் போய்விடும். எங்கள் சரிவில் மேல்காடு என்னுடையது. என் வீட்டுக்காரர் போன பிறகும் முதல் தீ என் கையால்தான். நான் வைத்துவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் கீழே ஐந்து காட்டுக்காரர்களும் தீப்பெட்டி எடுப்பார்கள். எங்கள் ஊர் செம்மநத்தத்தில் வேறு எந்தப் பொம்பளைக்கும் அந்தப் பாத்தியம் கிடையாது. வந்து வைத்துக்கொள்ளலாம் என்று குவியலைக் குவியலாகவே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டு வரை முருகேசன் ஜீப்பில் கொண்டுவந்து விட்டான். லாட்ஜிலிருந்து செல்வி ஓடி வந்தாள். போர்வை துவைத்த ஈரக் கை. மகள் தலையில் அந்தக் கையை வைக்கத் தயங்கி, சேலையில் துடைத்துக்கொண்டு பிறகு வைத்தாள். "அத்தை, அங்கிருந்து போன் வந்தா எனக்குக் கை காலு ஓட மாட்டேங்குதுங்க. இந்த வருசம் ஆஸ்பத்திரில இருந்து போன் வராம இருந்தாப் போதும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று உறைத்தது.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் வரிசையாக வண்டிகள். சாலையோரச் சரிவில் காய்ந்த புல் பற்றிக்கொண்டு எரிய, வனத்துறை ஆட்கள் பச்சைக் கொப்பை ஒடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புகை சாலையைக் குறுக்கே மூடியிருந்தது. கண்டக்டர் எழுந்து ஜன்னலையெல்லாம் சாத்தச் சொன்னார். நான் கனியை மடியில் இழுத்து முந்தானையால் மூக்கை மூடினேன். அது எதற்கும் உதவாது என்று எனக்கே தெரியும். குழாயை மாட்டி நீலப் பம்பை இரண்டு தடவை அமுக்கினேன். மனசுக்குள் பத்து எண்ணி எண்ணி அவள் இழுத்தாள்.

எங்களுக்குப் பக்கத்தில் மேலே ஏறுகிற வேன் ஒன்று நின்றது. அதில் ஒரு அம்மாள் கண்ணாடியை முழுவதும் இறக்கி, கையை வெளியே நீட்டி, செல்போனில் படம் பிடித்து, பின்னால் இருந்தவர்களிடம் என்னவோ சந்தோஷமாகச் சொன்னார். கன்னடம். எங்கள் கண்டக்டருக்கு அந்தப் பாஷை தெரியும். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். மூடுபனி எவ்வளவு அழகு பாருங்கள், இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்கிறாராம். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவர் மடியிலும் ஒரு சின்னக் குழந்தை இருந்தது. "அது பனியில்ல, பொகைன்னு சொல்லுங்க சாமி, கண்ணாடிய ஏத்தச் சொல்லுங்க" என்றேன். கண்டக்டர் ஜன்னல் வழியாகச் சொன்னார். அந்த அம்மாள் முதலில் நம்பவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். கண்ணாடி மேலே ஏறியது.

முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். அதற்குள் பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கனியின் கதை தெரிந்துவிட்டது. முன் ஸீட்டில் சேலத்துக்காரர் ஒருவர், இளைப்பு இருக்கிற பிள்ளையை எதற்குக் கீழே கொண்டுபோகிறீர்கள், மலையில் வைத்திருந்தால் தானாகச் சரியாகுமே என்று அறிவுரை சொன்னார். மலையில்தான் வைத்திருக்கிறோம் என்றேன்.

அடிவாரத்தில் நாங்கள் தங்கியது பழனியம்மாள் வீட்டில். சாலையோரம் பழக்கடை வைத்திருக்கிறாள். என் காட்டுப் பலாவும் கொய்யாவும் எத்தனையோ வருஷமாக அவள் கடைக்குத்தான் போகும். கடைக்குப் பின்னால் வீடு. ஒரு அறையை ஒழித்துக் கொடுத்து, ஃபேன் போட்டு, பாய் விரித்து, எல்லாம் செய்துவிட்டுக் கொசுவத்தியையும் கொளுத்தி வைத்தாள். நான் அதை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். அவள் முகம் கொஞ்சம் சுண்டியது. ஆனாலும் பரணிலிருந்து கொசுவலை ஒன்றை இறக்கிக் கொடுத்தாள்.

கீழ்நாட்டு வெயிலைப் பற்றி என்ன சொல்வது. எங்கள் ஊரில் பங்குனியிலும் விடியற்காலையில் கம்பளி வேண்டும். இங்கே சுவர் சுடுகிறது, குடத்துத் தண்ணீர் சுடுகிறது, தலையணை சுடுகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு உப்புக் கரிப்பு. கொண்டுவந்த சாமை அரிசியை அந்தத் தண்ணீரில் வேகவைத்தால் வேறு ஊர்ச் சோறு போல இருந்தது. ஃபேன் சத்தத்தில் முதல் நாள் எனக்குத் தூக்கம் இல்லை. கனியோ தூங்கினாள். நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன். சீழ்க்கை இல்லை. அந்தச் சத்தமில்லாத சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ராஜபோகம்தான். நுங்கு வண்டிக்காரர் வந்தால் கனி முதல் ஆள். விரலை விட்டுத் தோண்டி உறிஞ்சி, சட்டையெல்லாம் தண்ணீர். சாயங்காலம் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் இரண்டு வகைச் சட்டினியும் வைத்து அமுக்கிக் கொடுக்கிறார்கள். வாயை எவ்வளவு திறந்தாலும் பாதி கீழே சிந்தும். எனக்குப் பல் பாதிதான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று தின்றேன். எங்கள் ஊர்க் களிக்கு முன்னால் நிற்காது என்று கனியிடம் சொன்னேன். அப்புறம் இன்னொன்றும் தின்றேன்.

கனி பழனியம்மாளின் கடையில் உட்கார்ந்து, மேலே போகிற வண்டிகளின் போர்டு படித்துச் சொல்வாள். எந்தெந்த ஊரிலிருந்தோ வருகிறார்கள். ஒரு குடும்பம் கொய்யா வாங்கும்போது, மேலே போய் நல்லா மூச்ச இழுத்துட்டு வாங்க என்று கனி பெரிய மனுஷி போலச் சொன்னாள். அவர்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. நான் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பழனியம்மாள் ஆசையாகக் கனிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வார்த்து, தலை காயட்டும் என்று தூபக்காலில் நெருப்பள்ளிப் போட்டு, சாம்பிராணி தூவி, கதவைச் சாத்தி, கூந்தலுக்குப் புகை காட்டியிருக்கிறாள். பெண் பிள்ளை இல்லாத வீடு, அவள் ஆசைக்கு அளவில்லை. நான் வாளியோடு உள்ளே வந்தபோது பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. பேச்சு வரவில்லை, கையை மட்டும் ஆட்டினாள்.

கதவைத் திறந்து வெளியே தூக்கி வந்தேன். நீலப் பம்பு நான்கு தடவை. அடங்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி நான்கு. அப்படியும் அடங்கவில்லை என்றால் வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது என்று நர்சம்மா சொன்னது காதில் நின்றது. பழனியம்மாள் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். அதற்குள் அவளை நான் என்னவெல்லாம் பேசினேன் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கண்ணிருந்தும் குருடி என்றேன். புள்ளையக் கொல்லப் பாத்தியே என்றேன். அவள் அழுதுகொண்டே கூட வந்து ஏறினாள்.

ஆட்டோவில் சாமி படத்துக்கு முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. கையை நீட்டி இரண்டு விரலால் நசுக்கி அணைத்தேன்.

"ஏனுங்கம்மா, சாமிக்கு வெச்சதுங்க" என்றார் டிரைவர்.

"சாமிக்கு மூச்சு முட்டாதுங்க. புள்ளைக்கு முட்டும். ஓட்டுங்க."

அவர் திரும்பிக் கனியைப் பார்த்தார். பிறகு ஓட்டிய ஓட்டத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். கடைவீதியில் ஒரு மினி பஸ் குறுக்கே நின்றது. இறங்கிப்போய் அந்த டிரைவரிடம் சண்டை போட்டு வழி வாங்கினார்.

வார்டு நர்சம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "என்னங்கம்மா, பங்குனி வந்துருச்சா?" என்றார். சொல்லிக்கொண்டே கனிக்கு மாஸ்க்கை மாட்டிவிட்டார். ஆவி குபுகுபுவென்று வந்தது. நான் சுற்றிலும் பார்த்தேன். கட்டிலுக்குக் கட்டில் பிள்ளைகள். பக்கத்துக் கட்டில் தாய் கொல்லிமலைக்காரி. அதற்கடுத்தவள் கல்வராயன் மலை. எதனால் வந்தது என்று கேட்டால் இரண்டு பேரும் குளிர் என்றார்கள். வெளியே தார் உருகுகிற வெயில். இந்த மாதத்தில் எந்த மலையில் அப்படிக் குளிர் என்று வாய்வரை வந்தது. அதே குளிரைத்தானே நானும் மூன்று வருஷம் சொன்னேன் என்று நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு தடவை ஆவி வைத்த பிறகு கனியின் தோள் அடங்கியது. பசிக்குது அத்தை என்றாள். அதைக் கேட்டதும் பழனியம்மாள் மறுபடி அழுதாள். சாயங்காலம் வரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, படுக்க வேண்டியதில்லை, சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், கூட்டிப் போகலாம் என்றார்கள். செல்விக்குப் போன் போகவில்லை. என் வாக்கு ஒரு மயிரிழையில் தப்பியது.

மறுநாள் முழுக்க நான் பழனியம்மாளிடம் முகம் கொடுக்கவில்லை. புகை என்றால் என்ன என்றுகூடத் தெரியாதவள் என்று ஒரு இளக்காரம். புகை எந்தப் புகையாக இருந்தால் என்ன, சாம்பிராணியானாலும் கொசுவத்தியானாலும் பிள்ளை நெஞ்சுக்கு ஒன்றுதான் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

ஏழாம் நாள் காலையில் போன் வந்தது. ஊரிலிருந்து சின்னராசு. என் காட்டுக்கு நேர் கீழ்க்காட்டுக்காரர், ஐம்பது வயது, வாய் கொஞ்சம் துடுக்கு.

"ஏனுங்க்கா, அங்க நுங்கு தின்னுட்டு உக்காந்துட்டீங்களாமா? நீங்க வைக்காம நாங்க எப்புடி வைக்கறது? அஞ்சு காடும் காஞ்சு கெடக்குது. போன வருசம் இந்நேரம் வெச்சு முடிச்சு சாம்பலே ஆறிப்போச்சு" என்றார்.

பிள்ளை உடம்பு சரியில்லாமல் வந்திருக்கிறேன் என்றேன். அதற்கென்ன, உங்கள் காட்டையும் நானே வைத்துவிடுகிறேன், சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் போதும் என்றார். அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. பிள்ளைதான் இங்கே இருக்கிறாளே, அங்கே எரிந்தால் இவளுக்கு என்ன. அப்போது போனில் பின்னால் ஒரு குழந்தை இருமுகிற சத்தம் கேட்டது. யார் என்றேன்.

"எம் பேரந்தானுங்க. ஒன்றரை வயசு ஆவப் போவுது. ரெண்டு நாளா மேலத்தோட்டத்துப் பக்கம் எரியுதுல்ல, ஒரே பொகை. அதுல இவனுக்கு நெஞ்சு கர்ருபுர்ருங்குது. குளுருதானுங்க்கா, வேறென்ன" என்றார்.

ஒரே மூச்சில் அவரே புகை என்றும் சொன்னார், அவரே குளிர் என்றும் சொன்னார். அவருக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

போன வருஷம் நான் தீ வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. கீழ்க்காட்டுக்காரர்கள் சனிக்கிழமை வைத்தார்கள். எங்கள் வீடும் முருகேசன் வீடும் அந்தச் சரிவின் தலையில் இருக்கின்றன. ஆறு காட்டுப் புகையும் ஏறி வந்து எங்கள் வாசலில்தான் முட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ். அதற்கு முந்தின வருஷமும் ஆம்புலன்ஸ் வந்தபோது காட்டில் சாம்பல் சுடச்சுடக் கிடந்தது. அதற்கும் முந்தின வருஷம், தீ வைத்துவிட்டுக் கருக்கலில் வந்து, இளைத்துக்கொண்டிருந்த பிள்ளையைக் குளிருக்கு இதமாக அடுப்போரம் உட்காரவைத்ததும் நான்தான். மலை முழுவதும் நானா எரித்தேன், இல்லை. எஸ்டேட்காரர் எரிக்கிறார், புல்லுக்கு வைக்கிறவர் இருக்கிறார், பீடித் துண்டைப் போட்டுவிட்டுப் போகிறவர் இருக்கிறார். ஆனால் எங்கள் சரிவில் நான் வைக்காமல் யாரும் வைக்க முடியாது. மூன்று வருஷமும் முதல் தீக்குச்சி என் கையில்தான் இருந்தது. எரிப்பார்களா என்று கேட்ட டாக்டரம்மாவிடம்தான் மலைக்காற்றின் பெருமை பேசினேன்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கறேன். வைக்க வேண்டாம்."

"என்னங்க்கா?"

"எங்காட்டுல யாரும் நெருப்பு வைக்கக் கூடாது. நான் வர்ற வரைக்கும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மழைக்கு முன்னால் எரிக்காவிட்டால் சாமை எங்கே விதைப்பது, உங்கள் தலையிலா என்று கேட்டார். என் காடு என் இஷ்டம் என்று சொல்லிப் போனை வைத்தேன். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அதற்கு வாய் வரவில்லை. திமிரை வைத்து நல்ல காரியம் செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

பழனியம்மாள் கடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு என்றாள். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அவள் ஊறுகாய் போட வாங்கி வைத்திருந்த பூண்டு அத்தனையும் உட்கார்ந்து உரித்துக் கொடுத்தேன். பாதியில் அவளும் வந்து எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேருமாக உரித்தோம். முடியும்போது, "நானும் பொகை போட்டவதான்" என்றேன். அவளுக்கு அது என்ன புரிந்ததோ, என் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் மழைக்காரியாகிவிட்டேன். காலையில் எழுந்தால் மலை உச்சியில் மேகம் இருக்கிறதா என்று பார்ப்பது. சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று, மலை முகப்பில் எங்கெங்கே புகை எழுகிறது என்று எண்ணுவது. பக்கத்தில் கனி நின்று, அத்தை, அங்க நம்ம ஊடு இருக்குதா என்பாள். நம் ஊடு அந்தப் பக்கம், இங்கிருந்து தெரியாது என்பேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு நாள்கூட அவளுக்கு நீலப் பம்பு தேவைப்படவில்லை. ஆரஞ்சுப் பம்பை மட்டும் காலை மாலை நான் மறந்தாலும் அவள் நினைவுபடுத்தினாள்.

பத்தாம் நாள் மத்தியானம் வெயில் திடீரென்று மஞ்சளானது. காற்று கடைத் தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போனது. பழனியம்மாளும் நானும் பழக்கூடைகளை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போதே மழை வந்துவிட்டது. கல்லும் விழுந்தது. கனி பனிக்கட்டியைப் பொறுக்கி வாயில் போட்டாள். நான் திட்டவில்லை. மலை மேலே கறுப்பாக இருந்தது. நல்ல மழை, அங்கேயும் பெய்கிறது.

மறுநாள் ஏறினோம். பழனியம்மாள் ஒரு பை நிறைய தட்டுவடை கட்டிக் கொடுத்தாள், சட்டினி இல்லாமல். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, சுற்றுலாக்காரர்கள் கூட்டம். ஒரு காலேஜ் பெண் எழுந்து எனக்கு ஸீட் கொடுத்தாள். ஜன்னலோரம் கனி. தீ எரிந்த வளைவு கறுப்பாக நனைந்து கிடந்தது. அதற்கு மேலே மூடுபனி. இந்தத் தடவை பனியேதான். கனி முகத்தை வெளியே நீட்டினாள். நான் விட்டுவிட்டேன்.

ஏற்காட்டில் பஸ் மாறி, செம்மநத்தத்தில் இறங்கிக் காட்டுப்பாதையில் நடந்தோம். வழியில் சின்னராசு காடு. அவர் கொடுவாளால் ஈர முள்ளை இழுத்து வரப்போரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். இனி எரியாது, வேறு வழியில்லை. என்னைப் பார்த்து நிமிர்ந்தார்.

"வாங்க, ஜமீன்தாரம்மா. கீழ்நாட்டுச் சோறு ஒத்துக்கிச்சுங்களா?" என்றார். வரப்பில் அவர் மருமகள் அந்தச் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மூக்கு ஒழுகியது, ஆனால் சிரித்தான்.

நான் பையைக் கீழே வைத்தேன். கனி முன்னால் போய்விட்டாள், காதில் விழாது என்று பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"சின்னராசு, மூணு வருசமா அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரில கொண்டு போட்டது நாந்தான். நான் வெச்ச தீதான். உம் பேரனுக்கும் அதேதான். குளுரு இல்ல."

அவர் கொடுவாளை வரப்பில் ஊன்றினார். மருமகள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"இதப் போன்லயே சொல்றதுக்கு என்னங்க்கா?" என்றார் கடைசியில்.

"போன்ல சொல்ற வார்த்தையா அது?"

அவர் பேரனைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு முள் கொப்பை இழுத்தார். "இதையெல்லாம் இழுத்துப் போட்டு எம் முதுகு ஒடிஞ்சுபோச்சு. நாளைக்கு உங்க காட்டுக்கும் வந்து இழுன்னு சொல்லுவீங்க" என்றார்.

"சொல்ல மாட்டேன். நீயே வருவே."

அவர் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார். பாதிச் சரிவில்தான் இந்த வருஷம் விதைக்க முடியும், மீதியில் முள்ளை மக்கவிட்டுப் பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். மற்ற நான்கு பேரிடம் யார் சொல்வது என்று கேட்டார். நான்தான் சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன் என்றேன். மலை முழுவதும் என் பேச்சைக் கேட்காது. அடுத்த பங்குனியிலும் நாங்கள் இறங்க வேண்டியிருக்கும். அதில் ஒன்றும் குறைவில்லை, பழனியம்மாளுக்கு இப்போதே ஒரு பலாவைக் குறி வைத்திருக்கிறேன்.

அதற்கு மேலே செங்குத்தான ஏற்றம். போன வருஷம் இந்த வழியில்தான் கனியைத் தோளில் போட்டுக்கொண்டு முருகேசன் ஆம்புலன்ஸுக்கு ஓடினான், நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். இந்தத் தடவை அவள் தட்டுவடைப் பையையும் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடிவிட்டாள். பாதி ஏற்றத்தில் நான் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே என் காட்டு விளிம்பில், நனைந்த முள் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் கூப்பிட்டாள்.

"அத்தை, இளைக்குதா? பம்பு எடுத்தாரட்டா?"

"இல்ல சாமி. காலுதான் வலிக்குது" என்றேன்.

பொய். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவள் மேலே நின்று, என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.